லாரியின் மூக்கில் ஒரு சுங்குடிச் சேலை

உங்களில் எத்தனை பேர் லாரியின் மூக்கைப் பார்த்திருக்கிறீர்கள்? கையைத் தூக்க வேண்டாம், நம் வயதில் தோள்பட்டைக்கு அது ஆகாது. மனதுக்குள் சொல்லிக்கொண்டால் போதும். நான் பார்த்திருக்கிறேன். அதில் எண்ணெய் ஊற்றியிருக்கிறேன். அதற்குள் ஒரு சேலை போனதையும் இந்தக் கண்ணால் கண்டிருக்கிறேன்.

போன மாதம் எங்கள் தெருமுனையில் ஒரு பழைய லாரி வந்து நின்றுவிட்டது. மெக்கானிக் பையன் ஒருவன் வேர்த்து விறுவிறுத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு சொம்பு மோரைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, "ஏர் ஃபில்டர்ல எண்ணெ அளவு பாத்தியா தம்பி?" என்று கேட்டேன். என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"ஏன் பாட்டி, நீங்க லாரி ஓட்டிருக்கீகளா?"

"ஓட்டல. நிப்பாட்டுனதப் பாத்திருக்கேன்."

"இதுல எண்ணெ கெடையாது பாட்டி. பேப்பர் ஃபில்டரு" என்று சிரித்தான். பாட்டி என்றதைக்கூட மன்னித்துவிட்டேன். ஆனால் 'நிப்பாட்டுனது எப்படி' என்று அவன் கேட்காமல் விட்டதுதான் வருத்தம். அவனுக்குச் சொல்ல வைத்திருந்ததை உங்களுக்குச் சொல்கிறேன். நீங்கள் எழுந்து ஓட மாட்டீர்கள், முழங்கால் விடாது.

அது ஒரு முழுப்பரீட்சை லீவு. நாகல் நகரில் எங்கள் வீட்டை ஒட்டி ஒரு காலி மனை கிடந்தது, நடுவில் ஒரு பெரிய வேப்பமரம். அப்பாவுக்குக் கடைவீதியில் தவிடு, பிண்ணாக்கு வியாபாரம். பின்கட்டு அறையில் சித்தப்பாவும் சித்தியும் இருந்தார்கள், கல்யாணமாகி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. சித்தப்பா பிறத்தியார் லாரிகளை ஓட்டிக்கொண்டிருந்தவர். சித்தி சின்னாளப்பட்டிக்காரி, வீட்டில் எல்லோருக்கும் சுங்குடிச் சேலைத் தொழில்.

சித்தியைப் பெண் பார்க்கப் போன கதையை எங்கள் வீட்டில் சொல்லாத நாளில்லை. மாப்பிள்ளை என்ன தொழில் என்று கேட்டார்கள். சித்தப்பா, "லாரி ஓட்டுறேன், தூத்துக்குடி வரைக்கும் போவேன்" என்றாராம். உடனே கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "அப்ப கடலப் பாத்திருக்கீகளா?"

பெண் பேசியதும் இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் திகைத்துப் போனார்கள். சித்தப்பா மட்டும் திகைக்கவில்லை. "பாத்திருக்கேன். ஒனக்கும் காட்டுறேன்" என்றாராம். கல்யாணம் அங்கேயே முடிந்துவிட்டது, மற்றதெல்லாம் பேச்சுதான் என்று அம்மா சொல்வாள்.

ஆனால் காட்ட முடியவில்லை. பிறத்தியார் வண்டியில் பெண்டாட்டியை ஏற்றினால் முதலாளிகள் சும்மா விடுவார்களா? பஸ்ஸில் கூட்டிப் போகலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அதைச் சித்தியே ஒத்துக்கொள்ளவில்லை. "நீங்க ஓட்ட, நான் பக்கத்துல உக்காந்து பாக்கணும்" என்று சொல்லிவிட்டாள். ஆகவே சித்தப்பா சொந்த லாரி வாங்கினார். இருந்ததை எல்லாம் திரட்டி அவரால் வாங்க முடிந்தது, ஓடாத ஒரு லாரி.

அது வந்து சேர்ந்த காட்சி இருக்கிறதே! இன்னொரு லாரி முன்னால் இழுக்க, தேர் வடம் போலத் தடித்த கயிற்றின் முனையில் தள்ளாடிக்கொண்டு வந்தது. முன்பக்கம் நீண்ட பழைய மாடல், இரண்டு உருண்டை விளக்குகள், ஒன்றில் கண்ணாடி இல்லை. பச்சைப் பெயிண்ட் வெயிலில் வெளுத்து வெந்தயக்கீரை நிறத்துக்கு வந்திருந்தது. வேப்பமரத்தடியில் நிறுத்தியதும் அடியிலிருந்து கறுப்பாக ஏதோ சொட்டியது. அம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "இது கடலுக்குப் போறதுக்குள்ள கடலு இங்க வந்துரும்" என்று சொல்லி உள்ளே போனாள்.

அப்பாவுக்கோ வேறு கவலை. "லோடு வண்டியில பொம்பள ஏறிப் போறதா? ஊரு சிரிக்கும்ல" என்றார். சித்தப்பா தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். அண்ணன் சொல்லை அவர் தாண்டியதே இல்லை. கடைசியில் அப்பா, "மொதல்ல வண்டி ஓடட்டும். அப்புறம் பாப்போம்" என்றார். சித்தி அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

வண்டியை ஓட வைக்க வந்தவர் பேகம்பூர் மெக்கானிக் பாய். சைக்கிள் கேரியரில் மரப்பெட்டி, தோளில் கட்டம் போட்ட துண்டு, காதில் ஒரு பென்சில். வந்ததும் லாரியை மூன்று பக்கமும் தட்டிப் பார்த்துவிட்டு, "என்ஜின எறக்கணும்ணே" என்றார். முக்காலி போல மூன்று கட்டைகளை நிறுத்தி, சங்கிலி போட்டு என்ஜினைத் தூக்கி வெளியே எடுத்தார்கள். தெருவே வந்து நின்று வேடிக்கை பார்த்தது. என் கண்ணுக்கு அது யானைக்கு ஆபரேஷன் நடப்பது போல இருந்தது.

பாய்க்கு லாரி என்பது உடம்பு. டீசல் டேங்க் வயிறு, டீசல் பம்பு நெஞ்சு, விளக்கு கண். என்ஜின் பக்கத்தில் தூக்குவாளி மாதிரி ஒன்று மாட்டியிருந்தது. "இது என்னா பாய்?" என்று கேட்டேன்.

"ஏர் ஃபில்டரு பாப்பா. இதுதான் மூக்கு. வண்டி இது வழியாத்தான் மூச்சு விடும். அடியில இருக்க கிண்ணத்துல கொஞ்சம் எண்ணெ ஊத்தி வைக்கணும். தூசி வந்தா அந்த எண்ணெ புடிச்சுக்கிரும்."

"மூக்குல எண்ணெ ஊத்துனா தும்மாதா?"

"அளவா ஊத்துனா தும்மாது" என்றார் பாய். இந்த வார்த்தையைத் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த லீவில் எங்கள் அடுப்படி கொஞ்சம் கொஞ்சமாக லாரிக்குள் போனது. முதலில் போனது அலுமினியக் குண்டான், நட்டுகளை டீசலில் ஊறப்போட. பிறகு தோசைத் திருப்பி, ஒட்டிக்கிடந்த பழைய பேக்கிங்கைச் சுரண்ட. பிறகு பால் வடிகட்டி. டீசலை வடிகட்டிவிட்டுச் சத்தமில்லாமல் திருப்பி வைத்துவிட்டார் சித்தப்பா. மறுநாள் காலைக் காபியை வாயில் வைத்த அப்பா வாசலுக்கு ஓடிப்போய்த் துப்பியதை நான் இன்னும் நினைத்து நினைத்துச் சிரிக்கிறேன். அம்மா கரண்டிகளை எல்லாம் அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தாள். "வெஞ்சனம் கிண்டக்கூட ஒரு கரண்டி இல்லாம பண்ணிட்டீகளே, வெளங்குவீகளா?" என்று வேப்பமரத்தைப் பார்த்துக் கத்துவாள். மரத்தடியில் யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள்.

என் பங்கும் போனது. பேக்கிங் என்பது இரண்டு இரும்புப் பாகங்களுக்கு நடுவில் வைக்கும் அட்டை. அட்டையை இரும்பின் மேல் வைத்துச் சுத்தியலால் ஓரத்தைப் பொட்டுப் பொட்டென்று தட்டினால், அதே வடிவத்தில் வெட்டுப்பட்டு வரும். பாய்க்கு நல்ல கெட்டி அட்டை தேவைப்பட்டது. என் பரீட்சை அட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கிளிப் வைத்த, ஓரத்தில் பூ வரைந்த அட்டை. அது லாரிக்குள் போனதில் எனக்குத் துளி வருத்தமில்லை. என் கணக்குப் பரீட்சையைத் தாங்கிய அட்டைக்கு அதைவிட நல்ல பிழைப்பு கிடைக்காது.

சித்தி சும்மா வேடிக்கை பார்த்தவள் இல்லை. வால்வுகளை உரசி உட்கார வைக்க வேண்டும் என்றார் பாய். ஒரு கட்டையின் நுனியில் ரப்பர், அதில் வால்வைப் பிடிக்க வைத்து, அடியில் பசை மாதிரி ஒரு மாவைத் தடவி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து மத்துக் கடைவது போலக் கடைய வேண்டும். சித்தப்பா கொஞ்சம் கடைந்தார், கை காந்துகிறது என்றார். சித்தி முந்தானையைச் செருகிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். "மோரு கடையிற மாதிரிதான? தள்ளுங்க" என்றாள். ஒரு பகல் முழுக்கக் கடைந்தாள். முடிந்ததும் பாய் அதில் மண்ணெண்ணெயை ஊற்றிப் பார்த்தார். சொட்டுக்கூட ஒழுகவில்லை.

"தங்கச்சி, மாஷா அல்லா! பேசாம பட்டறைக்கு வந்துரு" என்றார்.

"நான் கடலுக்குப் போறேண்ணே" என்றாள் சித்தி.

மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனதும் சித்தியும் நானும் கேபினில் ஏறிக்கொள்வோம். என்ஜின் இல்லாத லாரி. சீட்டில் தேங்காய் நார் பிதுங்கிக்கொண்டிருக்கும், டீசலும் வெயிலும் கலந்த ஒரு வாசனை மூக்கில் ஏறும். நான் ஸ்டியரிங்கைத் திருப்புவேன், சித்தி ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு ஊர் சொல்வாள். "மதுரை வந்துருச்சு… மெதுவாப் போ பாப்பா, மாடு நிக்குது." கடல் எப்படி இருக்கும் என்று இரண்டு பேருமே பேசுவோம், இரண்டு பேருக்குமே தெரியாது. நிலக்கோட்டைப் பக்கம் மழைக்கு நிறைந்த கண்மாயைத்தான் அவள் பார்த்திருந்தாள். அதைப் போலப் பத்து மடங்கு என்று ஒரு நாள் சொல்வாள், மறுநாள் நூறு மடங்கு என்பாள். அந்தப் பயணங்களைப் போலச் சுகமான பயணம் எனக்கு அப்புறம் ரயிலிலும் கிடைக்கவில்லை, காரிலும் கிடைக்கவில்லை.

லீவு முடியப் போகும் நேரத்தில் என்ஜின் மறுபடி உள்ளே ஏறியது. வெங்காய லோடு தூத்துக்குடிக்குப் பேசியாகிவிட்டது, திரும்பும்போது உப்பு. புறப்படுவதற்கு முந்தின நாள் காலையில் என்ஜினை ஸ்டார்ட் பண்ணுவதாக ஏற்பாடு.

இங்கேதான் எங்கள் குடும்ப வழக்கம் உள்ளே வருகிறது. எங்கள் பூர்வீகம் எரியோட்டுப் பக்கம், விவசாயக் குடும்பம். புது மாட்டுவண்டி வந்தால் வீட்டு ஆட்கள், சொந்தம், பக்கத்துக் காட்டுக்காரர் என்று ஆளுக்கு ஒரு கரண்டி விளக்கெண்ணெய் சக்கரத்து அச்சில் விட வேண்டும். ஒருத்தரும் விட்டுப்போகக் கூடாது. எல்லோர் கையும் பட்டால்தான் வண்டி நல்லபடியாக ஓடும் என்பது நம்பிக்கை. அந்த வழக்கத்தை அப்பா அப்படியே லாரிக்கு எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். மாட்டுவண்டி அச்சில் எண்ணெய் கூடினால் தரையில் சொட்டிவிடும், வண்டிக்கு ஒன்றும் ஆகாது. இதை அப்போது யாரும் யோசிக்கவில்லை.

அப்பா தெரு முழுக்கச் சொல்லிவிட்டிருந்தார். எரியோட்டிலிருந்து சொந்தக்காரர்கள் பஸ் பிடித்து வந்தார்கள். மரத்தடியில் வாழையிலை, எலுமிச்சம்பழம், சூடம், ஒரு டின் என்ஜின் ஆயில், அம்மா வேறு வழியில்லாமல் அரிசிப் பானையிலிருந்து எடுத்துக் கொடுத்த குழம்புக் கரண்டி. முதலில் ஆண்கள் வரிசை. ஒவ்வொருவரும் கண்ணை மூடிக் கும்பிட்டு என்ஜினில் ஒரு கரண்டி ஊற்றினார்கள். பாயும் பிஸ்மில்லா சொல்லி ஊற்றினார். பிறகு மிச்ச எண்ணெயை அளவு வரை அவரே ஊற்றி, கம்பியை விட்டுப் பார்த்து, "அளவு சரிண்ணே. போதும்" என்று மூடியைப் போட்டார்.

பெண்கள் வரிசை அப்படியே நின்றது. அப்பாவுக்கு முகம் மாறிவிட்டது. "இவகள எப்பிடி பாய் விடுறது? நாளைக்கு ஒரு சொல்லு வரக் கூடாதுல்ல."

பாய் யோசித்தார். ஏர் ஃபில்டரின் கிண்ணத்தைக் கழற்றிக் கொண்டுவந்து ஸ்டூலில் வைத்தார். "இதுலயும் எண்ணெ உண்டு. இந்தக் கோடு வரைக்கும் ஊத்தட்டும், தப்பில்ல" என்று அப்பாவுக்குக் காட்டிவிட்டு, பேட்டரி ஒயரை முடுக்கப் போனார்.

அதற்கு மேல் பொறுப்பு அப்பாவிடம். அப்பா சந்தோஷத்தில் இருந்தார். அம்மா ஊற்றினாள். அத்தைமார் ஊற்றினார்கள். எதிர்வீட்டு அக்கா, பக்கத்து வீட்டு மாமி, மல்லிகைப்பூ விற்க வந்த நிலக்கோட்டைப் பூக்காரம்மா எல்லோரும் ஊற்றினார்கள். "கூச்சப்படாம நல்லா ஊத்துங்க தாயி" என்றார் அப்பா. நானும் ஊற்றினேன். கடைசியாகச் சித்தி. கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு கிண்ணத்தைப் பார்த்துத் தயங்கினாள்.

"மாமா, கோட்டத் தாண்டிருச்சு போல."

"ஒன் கரண்டி இல்லாமலாம்மா? ஊத்து."

ஊற்றினாள். சித்தப்பா விளிம்பு தளும்பிய கிண்ணத்தை ஒரு சொட்டுச் சிந்தாமல், அபிஷேகச் சொம்பு போல ஏந்திக் கொண்டுபோய் மாட்டினார். பாய் அப்போது கேபினில் இருந்தார்.

ஸ்டார்ட்டர் பித்தானை அமுக்கும் வேலை எனக்கு. வீட்டுக் கடைக்குட்டிப் பெண் அமுக்க வேண்டும் என்று அப்பா சொல்லியிருந்தார். பாய் பக்கத்தில் உட்கார்ந்தேன், பாவாடையைச் சரிசெய்துகொண்டேன், கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். லாரி முனகியது, இருமியது, ஒரு உலுக்கு உலுக்கியது, பிறகு டுக்கு டுக்கு டுக்கு என்று பேச ஆரம்பித்தது. வெளியே குலவைச் சத்தம். என் வாழ்க்கையில் பட்டம் வாங்கியிருக்கிறேன், பதவி உயர்வு வாங்கியிருக்கிறேன். அந்தக் கட்டைவிரல் அடைந்த பெருமைக்கு அதெல்லாம் பக்கத்தில் வராது.

பாய் மெதுவாக ஆக்சிலேட்டரை மிதித்தார். லாரி உறுமியது. காலை எடுத்தார். உறுமல் குறையவில்லை.

கூடியது. பாய் தன் காலைப் பார்த்தார், கால் தரையில் இருந்தது. சத்தம் ஏறிக்கொண்டே போனது. பின்னாலிருந்து புகை வெள்ளையாகக் கிளம்பி வேப்பமரத்தை மறைத்தது. நிறுத்துகிற குமிழைப் பிடித்து இழுத்தார், நிற்கவில்லை. இன்னும் பலமாக இழுத்தார், குமிழ் கையோடு வந்துவிட்டது. கியரைப் போட்டு நிறுத்தலாமென்றால் முன்னால் அத்தனை ஜனம். கதவைத் திறந்து என்னை வெளியே கொடுத்தார். சித்தப்பா என்னை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு சந்துப் பக்கம் ஓடினார். எரியோட்டுச் சொந்தங்கள் எங்களுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தார்கள். அப்பா வாழையிலையோடு ஓடினார்.

"மூக்க அடைங்க! ஈரத்துணிய வச்சு மூக்க அடைங்க! என்ஜினு வெடிச்சுரும்!" பாயின் குரல் புகைக்குள்ளிருந்து வந்தது.

சித்தப்பாவின் தோளுக்கு மேலாக நான் பார்த்தேன். எல்லோரும் ஒரு பக்கம் ஓட, சித்தி மட்டும் எதிர்ப்பக்கம் ஓடினாள். கொடியடியில் வாளிக்குள் அலசிப் போட்டிருந்த சேலை கிடந்தது. பச்சைச் சுங்குடி, அவள் அம்மா கையால் புள்ளிக்குப் புள்ளி முடிச்சுப் போட்டுச் சாயம் நனைத்துக் கொடுத்தது. தண்ணீர் சொட்டச் சொட்ட அதை வாரிக்கொண்டு லாரியின் பக்கவாட்டில் ஏறி, மூக்கின் வாயில் வைத்து இரண்டு கையாலும் அமுக்கினாள். லாரி சேலையை உறிஞ்சியது. ஒரு முழம் உள்ளே போனது. அவள் விடவில்லை, இன்னும் திணித்தாள். உறுமல் தடுமாறியது, விக்கியது, மொத்த வண்டியும் ஒரு தடவை குலுங்கியது. பிறகு நின்றுவிட்டது.

புகை விலகியதும் சித்தி தெரிந்தாள். முகமெல்லாம் கறுப்பு, கை இரண்டும் இன்னும் மூக்கில். "நின்னுருச்சாண்ணே?" என்று கேட்டாள். பாய் கையில் குமிழோடு கேபினிலிருந்து இறங்கி, தலையை ஆட்டினார்.

ஜனம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. அப்பாவுக்கு நடுக்கம் நின்றதும் கோபம் வந்தது. ஊர் முன்னால் ஓடிய ஆண்களுக்கு வரும் கோபம் அது.

"அப்பவே நெனச்சேன். பொம்பளக கை வச்ச இடத்துலதான் கோளாறு வந்துருக்கு. இவளுக்கு லோடு வண்டியும் வேணாம், கடலும் வேணாம். தம்பி, நீ மட்டும் போயிட்டு வா" என்றார். சித்தப்பா தலையைச் சொறிந்தார். சித்தியின் கறுப்பு முகத்தில் இரண்டு கோடுகள் மட்டும் மெல்ல இறங்கின. அப்பாவை நான் வெறுத்தது என்று ஒரு நிமிடம் உண்டென்றால் அது அதுதான்.

பாய் ஏர் ஃபில்டரைக் கழற்றினார். கிண்ணத்து எண்ணெயில் பாதியைத்தான் காணோம், மிச்சம் இன்னும் கோட்டுக்கு மேல் நின்றது. "அண்ணே, எண்ணெ கூடிப்போச்சு. டீசல நிறுத்துனாலும் வண்டி இந்த எண்ணெயவே மூக்கு வழியாக் குடிச்சு ஓடிருக்கு. நாந்தான் கூட நின்னு பாத்திருக்கணும். எந் தப்பு" என்றார். கோட்டைக் காட்டிவிட்டுத்தான் போனார் என்பது அவருக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். இத்தனை பேர் முன்னால் அப்பாவை விட்டுக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. இது எனக்குப் புரியப் பல வருடம் ஆனது. அன்றைக்கு அப்பா, "பரவால்ல பாய், மனுசங்கதான்" என்று பெருந்தன்மையாக மன்னிக்கவும் செய்தார்.

அம்மாவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. ஸ்டூலடியில் கிடந்த குழம்புக் கரண்டியை எடுத்துக்கொண்டு வந்து அப்பாவுக்கு எதிரே நின்றாள்.

"கோட்டத் தாண்டிருச்சு மாமான்னு சொன்னது யாரு? ஊத்து தாயின்னு சொன்னது யாரு?"

அப்பா வேப்பமரத்தைப் பார்த்தார்.

"எங் குண்டான் அந்த வண்டியில போச்சு. தோசத்திருப்பி போச்சு. வடிகட்டி போச்சு. புள்ள பரீட்சை அட்ட போச்சு. வால்வு கடைஞ்சது இவ கை. இப்ப இவ சேலையும் அதுக்குள்ளதான் கெடக்கு. இம்புட்டுக்கும் பொம்பள வேணும், ஏறிப் போக மட்டும் வேணாமா? செத்த நேரத்துக்கு முந்தி நீங்கள்லாம் எந்தப் பக்கம் ஓடுனீக, இவ எந்தப் பக்கம் ஓடுனா?"

முதலில் பூக்காரம்மா களுக்கென்று சிரித்தாள். பிறகு பாய். பிறகு எரியோட்டுச் சொந்தங்கள், அவர்களும் ஓடியவர்கள்தானே, அடக்க முடியாமல் சிரித்தார்கள். கடைசியில் அப்பாவின் மீசை துடித்தது, அவரும் சிரித்துவிட்டார். கையில் இன்னும் வாழையிலை இருந்ததை அப்போதுதான் பார்த்தார்.

"சரி, சரி. போயிட்டு வரட்டும். ஊரு சிரிச்சா சிரிச்சுட்டுப் போகுது, அதான் இப்பவே சிரிச்சிருச்சே" என்றார். அம்மா அதோடு விடவில்லை. "பாப்பாவும் போகட்டும். பித்தான அமுக்குனது அவதான" என்றாள். நான் குதித்த குதியில் பாயின் நட்டுக் குண்டான் கவிழ்ந்தது. அவரும் திட்டவில்லை, அம்மாவும் திட்டவில்லை.

பாய் அன்று முழுக்க உட்கார்ந்து குழாய்களைத் துடைத்து, எண்ணெயைக் கோட்டுக்கு இறக்கி, குமிழுக்குப் புதுக் கம்பி போட்டார். சாயங்காலம் மறுபடி அமுக்கினேன். லாரி சமர்த்தாகப் பேசியது, நிறுத்தினால் நின்றது. சேலையைச் சித்தி சீயக்காயும் சோப்பும் போட்டு மூன்று தண்ணீரில் அலசினாள். கிழியவில்லை. ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்புக் கறை மட்டும் போகவே இல்லை.

மறுநாள் விடிந்ததும் அந்தச் சேலையைத்தான் கட்டிக்கொண்டு வந்தாள். கறை கொசுவத்துக்குள் மறைந்திருந்தது. சித்தப்பா ஸ்டியரிங்கில், பக்கத்தில் சித்தி, ஜன்னலோரம் நான். என்ஜின் வேலை பார்த்தவர் முதல் பயணத்தில் கூட வர வேண்டும் என்பது வழக்கம், அதனால் பாய் பின்னால் வெங்காய மூட்டை மேல். சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுங்கியது. வண்டி நகரும்போது அப்பா ஓடி வந்தார், கையில் வாளி, அதற்குள் தண்ணீரில் ஊறிய ஒரு தவிட்டுச் சாக்கு.

"எதுக்கும் இருக்கட்டும்" என்று என் காலடியில் வைத்தார். தூத்துக்குடி வரைக்கும் அந்த வாளி என் பாவாடையை நனைத்துக்கொண்டே வந்தது.

வழியெல்லாம் சித்தி ஊர் சொல்லிக்கொண்டு வந்தாள், இந்தத் தடவை நிஜ ஊர்கள். மதுரை தாண்டியதும் டீக்கடையில் ஒரு தடவை நிறுத்தி, பாய் வண்டியின் மூக்கைத் தொட்டுப் பார்த்தார். சாயங்கால வெயிலில் லோடை இறக்கிவிட்டு, சித்தப்பா லாரியைக் கரைப் பக்கம் கொண்டுபோய் நிறுத்தினார். என்ஜினை அணைத்தார். அணைத்த பிறகும் ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. சித்தி பயந்துபோய்ச் சித்தப்பாவின் கையைப் பிடித்தாள். "என்ன, மறுபடி நிக்கலையா?"

"அது வண்டி இல்ல. அதான் கடலு" என்றார் சித்தப்பா.

இறங்கினோம். மணலில் நடந்து போனோம். பாய் துண்டை உதறிக்கொண்டு பின்னால் வந்தார். அலை வந்து சித்தியின் காலை நனைத்தது, பச்சைச் சேலையின் கரையை நனைத்தது, கறுப்புக் கறையையும் நனைத்தது. அவள் அசையவில்லை. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள். எங்கே முடிகிறது என்று தேடினாள். எவ்வளவோ நேரம் கழித்து, ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு எங்களைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஆத்தாடி, இம்புட்டுத் தண்ணியா!" என்றாள். "இதுல எம்புட்டுப் பேரு வந்து கரண்டி கரண்டியா ஊத்துனாகளோ, நம்ம மாமா மாதிரி ஒரு மனுசன் பக்கத்துல நின்னு, நல்லா ஊத்துங்க தாயி, நல்லா ஊத்துங்கன்னு சொல்லிருக்காரு!"

பாய் மணலில் உட்கார்ந்துவிட்டார், சிரிப்பில் அவரால் நிற்க முடியவில்லை. சித்தப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார், அது சிரித்து வந்த கண்ணீர் என்று அப்போது நினைத்தேன்.